சடையன் படத்து மாலையும் இன்னாசி மாஸ்டரும்

வாழவந்தி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது கண்டக்டர்தான் சொன்னார். "ஏனுங்க டீச்சர், உங்க டிராயிங் மாஸ்டர் காலையில தவறிட்டாருங்களாமா?" அவர் கேள்வியாகக் கேட்டதால் நானும் "அப்படியா?" என்று கேட்டுவைத்தேன். பஸ் இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. இறங்கி வந்த வழியே நடந்தேன். அழுதேனா என்று நினைவில்லை. யார்மீதோ கோபமாக வந்தது, அது மட்டும் தெரியும்.

இன்னாசி மாஸ்டரை நம் பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போருக்குப் போய்த் திரும்பி, இங்கே ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவர். நான் கணக்கு டீச்சர். அவர் கோணலாக ஒரு கோடு போட்டுவிட்டுக் கலை என்பார், நான் தப்பு என்பேன். வருடக்கணக்கில் இப்படியே சண்டை போட்டோம். ஒரு குடியரசு தினத்தில் சிறப்பு விருந்தினர் ஒருவர் போரைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, "போகாதவங்கதான் டீச்சர், சண்டையைப் பத்தி நொம்ப நேரம் பேசறாங்க" என்றார். போனவர்களைப் பேச வைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் அவருக்கு வந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விழாவுக்கு மாதா கோயில் ஹாலில் ஒரு கண்காட்சி வைத்தார். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மலையூர்களில் இருந்த பழைய சிப்பாய்களைத் தேடிப் போனோம். அவர்கள் சொல்வார்கள், நான் பெரிய தாளில் எழுதுவேன், அவர் வரைவார். ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், அதன் கீழே அவர் சொன்ன கதை. போரில் செத்தவர்களுக்கு அவர்கள் வீட்டார் சொன்ன கதை. நடுவில் போர்க்களக் காட்சிகள் என்று சொல்லிச் சில படங்கள். அவற்றில் துப்பாக்கியே இல்லை. ஈரச் சாக்ஸைப் பிழிகிற ஒருவன், ஆளில்லாத ஊரில் கத்திக்கொண்டு நிற்கும் ஒரு மாடு, இப்படி. பூக்கண்காட்சி பார்க்க வந்த சேலத்துக்காரர் ஒருவர், "டாங்கி படம் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். மாஸ்டர் கொஞ்சமும் சிரிக்காமல், "டாங்கி அந்த மாடு மேலதாங்க இடிச்சுது, வரையறதுக்குள்ள போயிருச்சு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோளாறு திறப்பு விழா அன்று காலையில் நடந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்து, நல்ல மனதோடு, எல்லா முகங்களுக்கும் மாலை போட்டு, சந்தனம் வைத்து, ஊதுவத்தியும் ஏற்றிவிட்டார்கள். போர் என்றதும் அத்தனை பேரும் செத்தவர்கள் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருக்கிறார்கள். கிளியூர் பெரியசாமி தன் மெடல்களைக் குத்திக்கொண்டு ஜம்மென்று உள்ளே வந்தவர், தன் படத்தைப் பார்த்து அப்படியே நின்றார். அவர் மனைவி கத்திய கத்தலில் ஹாலே நடுங்கியது. "எம்பட ஊட்டுக்காரரு முழுசா இங்க நிக்கறாருங்க! யாருங்க அது, உசுரோட இருக்கறவருக்கு மாலை போட்டது?" மாஸ்டர் ஓடி ஓடி உயிரோடிருப்பவர்களின் மாலையைக் கழற்றினார். செத்தவர்களின் மாலையை விட்டுவைத்தார். கடைசியாகச் சடையன் படத்தின் முன்னால் வந்து நின்றார்.

சடையன் கொட்டச்சேடு என்ற மலையூர்க்காரர். பட்டாளத்தில் மாஸ்டரோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். போரில் காணாமல் போனவர், உடல் கிடைக்கவில்லை. அவர் மனைவி வெள்ளச்சி பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. கருமாதி செய்து முடித்துவிடலாம் என்று பங்காளிகள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சடையன் படத்தின் கீழே மாஸ்டர் வெறும் தாளைத்தான் மாட்டியிருந்தார். எழுத மறந்துவிட்டோம் என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று நான் சண்டை போட்டதற்கு, "அவனே வந்து சொல்லட்டும் டீச்சர்" என்றிருந்தார். இப்போது மாலையைக் கழற்றினார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் வாசலில் வெள்ளச்சி நிற்கிறாள்.

"மாலைய எடுத்துப்போட்டீங்களே மாஸ்டரு, அப்ப அவரு இருக்காருங்களா?"

"முகம் மறையுதும்மா. அதான் எடுத்தேன்."

அதற்கு என்ன அர்த்தம்? அவள் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டாள். கருமாதிப் பேச்சை அன்றோடு நிறுத்திவிட்டாள். அதன்பின் சந்தைக்கு வரும்போதெல்லாம் மாஸ்டர் வீட்டுக்குப் போவாள். அவர் டீ போட்டுக் கொடுப்பார். அவள் மறுபடி கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் விடவில்லை, கேட்டேன். ஒரு தடவை, "ஆத்தைத் தாண்டறப்ப எம் பக்கத்துலதான் வந்தான். கரையேறிப் பாத்தா இல்லை" என்றார். வேறொரு நாள் ஆசிரியர் அறையில் அவராகவே, "அவன் கை ஜில்லுனு ஆகற வரைக்கும் நான்தான் புடிச்சிருந்தேன்" என்றார். யார் கை என்று கேட்டேன். மணி அடித்துவிட்டது என்று எழுந்து போனார். மணி அடிக்கவே இல்லை. அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் இரண்டும் எப்படி நிஜமாக இருக்கும்? கணக்கில் இப்படி வந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்வேன். இதை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் கலைந்த பிறகு வெள்ளச்சி என்னிடம் வந்தாள். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

"டீச்சரம்மா, மாஸ்டரு உங்ககிட்டத்தான் மனசு உட்டுப் பேசுவாரு. எம்பட ஊட்டுக்காரரப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?"

வாயைத் திறந்தேன். ஆறா, கையா? எதைச் சொன்னாலும் அவள் தலையெழுத்தை நான் எழுதியதாகிவிடும். "தெரியலம்மா" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செரிங்க. இனிச் சந்தைக்கு வந்தா உங்க ஊட்டுக்கு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டரின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது வெள்ளச்சிதான். நாளைக்குச் சந்தை. மாஸ்டர், உங்களுக்குத் தெரிந்திருந்தது, சொல்லாமல் இருந்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஒன்றுமே தெரியாதே மாஸ்டர், நான் எதைச் சொல்லாமல் இருப்பேன்?