நீல டிரம்முக்கு ஒரு பூட்டு

மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி ஹெப்சியின் முகத்தில் அறைந்தது. நேற்றுவரை மேலே செம்பு நிற ஏடும் நீல நுரையுமாக இருந்த, புளிக்கவைத்த அவுரிச் சாயம் செத்து, பழுப்புத் தண்ணீராகக் கிடந்தது.

முடிச்சூரில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த டிரம்மைத் தினமும் காலையில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவள் காபி குடிப்பாள். புளிப்பு வாடை குறைந்தால் வெல்லம் போடுவாள். கூடினால் சுண்ணாம்பு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏற்றுமதி கம்பெனியில் துணியின் நிறம் சரிபார்த்தவள், வேலை போனபின் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து அவுரித் தழை வாங்கி வந்து, ஊறவைத்து, அடித்து, அடியில் தங்கிய நீலத்தை வடிகட்டி, எத்தனையோ துணிகளைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டாள். அந்த டிரம்மை நான்கு வருடமாகச் சாகவிடாமல் காத்து வந்தாள்.

நேற்று அவள் தழை எடுக்கப் போயிருந்தாள். வீட்டில் இருந்தவன் புருஷன் பிரிட்டோ மட்டும்.

"நீயா ஊத்தின?"

"தெரு சங்கத்துத் தோத்தாத்ரி சார் வந்தாரு. தெருவுல எல்லாரும் டெங்குன்னு பயப்படறாங்களாம். பவுடரையும் அவரே கொண்டாந்துட்டாரு. நான் இன்னா பண்றது?"

"மூடி போட்ட டிரம்முல, சுண்ணாம்புத் தண்ணில கொசு எங்கேர்ந்துய்யா வரும்?"

"நாத்தமும் அடிக்குதுன்னாரு."

"நீ குடிச்சிட்டு வர்ற நாத்தத்துக்கு நான் என்னிக்காவது பவுடர் போட்டனா?"

பிரிட்டோ சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நாலு பேரோட ஒத்துப் போவணும், ஹெப்சி."

"திருமுடிவாக்கத்துல உன் லேத்து மெஷின்ல நான் வந்து மண்ண அள்ளிப் போடறேன். ஊரு சொல்லிச்சுன்னு சொல்றேன். ஒத்துப் போவியா?"



கொடியில் சர்ச் பாடகர் குழுவின் துப்பட்டாக்கள் தொங்கின. அவுரியில் ஒரு முறைதான் முக்கியிருந்தாள், இன்னும் பல முறை முக்க வேண்டும். வெளுத்த வானம் மாதிரி ஒரு நீலம். கிறிஸ்துமஸுக்கு அடர்நீலமாகத் தருகிறேன் என்று குழுத் தலைவி ஷீலாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். கடைச் சாயத்தில் முக்கினால் ஒரே நாளில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேலும் ஆத்திரம் வந்தது.

துப்பட்டாக்களை மடித்துப் பையில் போட்டு அவன் கையில் திணித்தாள்.

"ஷீலா அக்கா வூட்டுக்குப் போ. இதுக்கு மேல ஏறாது, நான்தான் சாயத்தைக் கொன்னேன்னு சொல்லு."

"நீ சொன்னா நல்லா இருக்கும்ல?"

"ஊத்தும்போது என்னைக் கேட்டியா?"

பையோடு அவன் போனபின் டிரம்மைக் கவிழ்த்து, பிளீச்சிங் நெடி போகும்வரை தேய்த்தாள். முன்பே வடித்து வைத்திருந்த அவுரி விழுதைக் கரைத்தாள். சுண்ணாம்பு, வெல்லம், வெதுவெதுப்பான தண்ணீர். நிறம் பிடிக்க வாரங்கள் ஆகும். கிறிஸ்துமஸ் போய்விடும்.

சாயங்காலம் பிரிட்டோ திரும்பி வந்தபோது மூடிக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, அதில் பெரிய பூட்டு. சாவி அவள் கழுத்துச் செயினில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது.

"வூட்டுக்குள்ளயே பூட்டா?" என்றான்.

"வூட்டுக்குள்ள இருக்கறவனுக்குத்தான்."