மர்செய் ஹோட்டலில் நான் கட்டிய மூட்டை

எங்கள் முப்பத்தைந்தாவது கலியாண நாளுக்குப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து கப்பல் பயணம் ஒன்று எடுத்துத் தந்தார்கள். மத்தியதரைக் கடலில் ஏழு நாள். கப்பல் பிரான்சின் மர்செய் துறைமுகத்திலிருந்து புறப்படும். "மொன்றியல் பிளைட்டை நம்பேலாதம்மா, ரெண்டு நாள் முந்தியே போய் நில்லுங்கோ" என்று மகள் சொன்னாள். நானும் இவரும் மொன்றியலில் கர்க்லாண்ட் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் அறை துப்புரவாக்கினேன். கட்டில் விரிப்பை உருவி, தலையணை உறைகளைக் கழற்றி, எல்லாவற்றையும் அந்த விரிப்புக்குள்ளேயே போட்டு, நாலு மூலையையும் இழுத்து இறுக்கி ஒரு முடிச்சு. மூட்டை தயார். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டேன், ஆனால் கை விடவில்லை. எந்த ஊர் ஹோட்டலுக்குப் போனாலும், புறப்படுகிற காலையில் கட்டிலை நானே உரித்து, மூட்டை கட்டிக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் வருவேன். பின்னால் வருகிறவளுக்கு ஐந்து நிமிடமாவது மிச்சப்படட்டுமே என்ற எண்ணம். இவருக்கு அது பெரிய பகிடி. "காசு குடுத்துப் போய் வேலை செய்யிற ஒரே ஆள் நீர்தான்" என்பார்.

பகிடி விடுகிறவருக்கு மட்டும் குணம் குறைவா? இருபத்துநாலு வயதில் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் மொன்றியலில் வந்து இறங்கியவர் அவர். விசாரணை, கடிதம், மறுபடி விசாரணை என்று வருடக்கணக்கில் அலைந்து குடியுரிமை எடுத்தார். அன்றிலிருந்து பாஸ்போர்ட் என்றால் அவருக்கு உயிர். வீட்டில் என்றாலும் வெளியூரில் என்றாலும் என்னுடையதையும் சேர்த்து எங்கேயாவது ஒளித்து வைப்பார். ஒருமுறை அரிசி வாளிக்குள்ளிருந்து எடுத்தேன். ஹோட்டல் அறையில் இருக்கும் இரும்புப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், "சொன்னா பேந்து அது ஒளிச்சதில்லை" என்பார். முப்பத்தைந்து வருடம் இந்த மனிசனோடு!

மர்செய் எங்களுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. என் பிரெஞ்சு மொன்றியல் பிரெஞ்சு. நான் "பொன்ஜூர்" சொல்லி அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறக்கவும் ஹோட்டல்காரன் சிரித்துக்கொண்டு "கனடாவோ?" என்றான். பால் வாங்க மூலைக்கடை எங்கே என்று எங்களூர்ப் பழக்கத்தில் 'டெப்பனர்' எங்கே என்று கேட்டேன். அவன் முகம் மாறி, கார் பழுதாகிவிட்டதா என்று விசாரித்தான். அந்த ஊரில் டெப்பனர் என்றால் கார் திருத்துகிற ஆளாம். இவர் இரண்டு நாளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

காலையில் பழைய துறைமுகத்தில் வள்ளங்களின் அருகிலேயே மேசை போட்டு மீன் விற்பார்கள். இவர் அங்கே போனால் நகரமாட்டார். கணவாயைத் தொட்டுப் பார்த்து, ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, "இஞ்சாரும், அறையிலை ஒரு அடுப்பு இருந்தா எப்பிடி ஒரு மீன் போட்ட கூழ் காய்ச்சியிருக்கலாம்" என்று ஏங்கினார். மத்தியானம் மலை உச்சித் தேவாலயத்துக்கு ஏறினோம். கடலில் உயிர் தப்பியவர்கள் நன்றிக்காகக் கட்டித் தொங்கவிட்ட சின்னச் சின்னக் கப்பல்கள் அங்கே இருந்தன. நாங்கள் சைவ சமயம்தான். என்றாலும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். கீழே கடல் நீலமாகக் கிடந்தது. மற்றவர்களுடைய அறைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நான் ஒரு வேலையும் இல்லாமல் காற்று வாங்கிக்கொண்டு இருக்கிறேன், பக்கத்தில் இந்த மனிசனும் சுகமாக இருக்கிறார். வேறு என்ன வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

மூன்றாம் நாள் கப்பல். மூன்று மணிக்குள் ஏறிவிட வேண்டும், பதினொன்றரைக்கு டாக்சி சொல்லியிருந்தோம். இவர் காலையிலேயே "ஒருக்கா மீனைப் பாத்திட்டு வாறன்" என்று போய்விட்டார். நான் வழக்கம்போலக் கட்டிலை உரித்து, மூட்டை கட்டி, பெட்டிகளோடு கீழே வந்து காத்திருந்தேன். டாக்சி வந்துவிட்டது, ஆளைக் காணோம். கடைசியில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"உங்களுக்கு மீனோ கப்பலோ பெரிசு? விசர் பிடிச்ச மனிசன்!" என்று அங்கேயே வாயைத் திறந்துவிட்டேன். அவர் அவசரமாகப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினார். டாக்சி துறைமுகம் போய்ச் சேரும் வரை நான் நிறுத்தவில்லை.

கப்பல் மண்டபத்தில் வரிசை. எங்கள் முறை வந்ததும் மேசையிலிருந்த பெண் பாஸ்போர்ட் கேட்டாள். இவருடைய கை சட்டையின் உட்பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"தலையணை" என்றார்.

"என்ன தலையணை?"

"என்ர தலையணை உறைக்குள்ளை வைச்சனான். சனத்துக்குள்ளை கொண்டுபோகப் பயந்து விட்டிட்டுப் போனன். வந்து எடுப்பம் எண்டிருந்தன். நீர் பேசின பேச்சிலை..."

அந்த உறையை நான்தானே உருவி மூட்டைக்குள் போட்டேன்! வேலை செய்த காலத்தில் எந்த உறையையும் உதறாமல் போட்டதில்லை. ஊரார் கட்டிலை உதறினேன், சொந்தக் கட்டிலை உதறவில்லை.

மண்டபத்து வாசலில் நின்ற ஒரு டாக்சியில் பெட்டிகளோடு ஹோட்டலுக்குத் திரும்பினோம். நான் ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யன்னல் பக்கம் திரும்பி, "மறுபடியும் கடதாசி இல்லாத ஆளாப் போனன்" என்று மெல்லச் சொன்னார். கனேடியத் தூதரகம் இருக்கிறது, வேறு பாஸ்போர்ட் தருவார்கள் என்றேன். தலையாட்டினார், ஆனால் கை வெறும் உட்பையையே தடவிக்கொண்டிருந்தது. கப்பல் போனால் போகட்டும், கடவுளே, இந்த மனிசனுக்கு அந்தப் புத்தகம் மட்டும் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

நடந்ததைக் கேட்டதும் ஹோட்டல்காரன் நிலவறைக்கு டெலிபோன் எடுத்தான். அழுக்குத் துணியெல்லாம் மாடிகளிலிருந்து சுவருக்குள் இறங்கும் பெரிய குழாய் வழியாக அங்கே போகும், லாண்டரி லொறி இப்போதுதான் புறப்பட்டது என்றான். டாக்சியை நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் மூன்றாம் மாடிக்கு ஏறினோம். ஏன் ஏறினோம் என்று தெரியாது, கால்கள் போயின.

எங்கள் அறை வாசலில் தள்ளுவண்டி நின்றது. அறையின் நடுவில் என் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. துப்புரவு செய்கிற பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயது இருக்கும், ஆபிரிக்காவுக்குப் பக்கத்துக் கொமோரோ தீவுக்காரி என்று பிறகு சொன்னாள். எங்களைக் கண்டதும் பிரெஞ்சில் பிடித்துக்கொண்டாள்.

"ஆர் இந்த மூட்டையைக் கட்டினது?"

"நான்தான்."

"நீங்களோ? முடிச்சைப் பாத்தா அறையிலை தங்க வாற ஆக்கள் போடுற முடிச்சில்லை. என்ர அறையை என்னோடை வேலை செய்யிற வேறை ஆரோ ஒருத்தி செய்துபோட்டுத் தன்ர கணக்கிலை சேர்க்கப்போறாள் எண்டு எனக்குக் கோவம் வந்திட்டுது. அதுதான் என்ன செய்து வைச்சிருக்கிறாள் எண்டு அவிழ்த்துப் பாத்தனான். இல்லாட்டிக் கட்டின மூட்டையை ஆர் அவிழ்க்கிறது? அப்பிடியே குழாய்க்குள்ளை தள்ளிவிடுறதுதான். நீங்கள் சும்மா விட்டிருந்தா நான் உறையைக் கழட்டேக்கையே கையிலை தட்டுப்பட்டிருக்கும். ஆர் உங்களை வேலை செய்யச் சொன்னது?"

இத்தனை வருடமாக உதவி என்று நினைத்துச் செய்த வேலைக்கு நல்ல பேச்சு விழுந்தது. வேறு யாராவது என்றால் நான் விட்டிருக்கமாட்டேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அவளுக்குக் கோபம் வந்ததற்காக அவளைக் கும்பிடலாம் போல இருந்தது.

பேசிக்கொண்டே வண்டியிலிருந்த துவாய்களுக்கு அடியில் கைவிட்டு இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்தாள். மேலே இருந்ததைத் திறந்து படத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், நீட்டினாள்.

இவர் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய கைகளை எடுக்கவில்லை. வாய் சிரித்தது, கன்னமெல்லாம் கண்ணீர். எங்கள் கலியாணத்திலோ பிள்ளைகள் பிறந்த அன்றோ கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் நானும் எத்தனை சாமான்களைக் கண்டெடுத்துக் கொடுத்திருப்பேன்! பல்செட்டு, மோதிரம், ஒரு குழந்தையின் கந்தல் முயல் பொம்மை. எல்லாம் சூப்பர்வைசரின் கைக்குப் போகும். அறைக்காரர் அதற்குள் எங்கேயோ போயிருப்பார். எல்லோரும் நன்றியில்லாத சனங்கள் என்று எத்தனை நாள் வாய்க்குள் திட்டியிருக்கிறேன். திரும்பக் கிடைத்தபோது அவர்களுடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெண் வெட்கப்பட்டுத் திரும்பி, துவாய்களை அடுக்கத் தொடங்கியிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"துவாய் கிடக்கட்டும். இவரின்ர முகத்தைப் பாருங்கோ. எங்களுக்கு இது காணக் கிடைக்கிறேல்லை."

"எங்களுக்கோ?" என்றாள்.

"ஓம், எங்களுக்குத்தான். நானும் இந்த வேலைதான் செய்தனான்."

அவள் துவாயை வைத்துவிட்டு நிமிர்ந்து, ஆறுதலாக அவரைப் பார்த்தாள்.