கடலில் நின்ற கூறை

என் கல்யாணக் கூறை கடலில் நின்றது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் மேல்மாடிக்கு ஏறினால், அதை ஏற்றிவந்த கப்பல் தெரியும்.

எங்கள் வழக்கத்தில், தாலி கட்டும்போது பெண் உடுத்தும் கூறையை மாப்பிள்ளை வீட்டார்தான் தரவேண்டும். எனக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குக் கொள்ளுப்பிட்டியில் வேலை. அவருடைய அம்மா லண்டனில். கல்யாணத்துக்கு வந்த மாமி, சொக்கலேட்டைக் கைப்பையில் கொண்டுவந்துவிட்டு, கூறையைக் கப்பல் பார்சலில் போட்டுவிட்டேன் என்று தலையில் கைவைத்தா.

"அம்மன்ர காலடியில வைச்சுப் பூசை செய்த கூறை. அது வராமல் தாலி கட்டேலாது."

பயப்படவேண்டிய எனக்கு வந்ததோ சிரிப்பு. பின்னேரங்களில் மாப்பிள்ளையும் நானும் மேல்மாடிக்கு ஏறி, போனில் கப்பல் நிற்கும் இடத்தைத் தேடுவோம். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் அது வெளியே காத்துக்கொண்டு நின்றது. முந்தி லண்டன் கடிதங்களெல்லாம் இப்படித்தான் வந்தனவாம். தபால் கப்பல் கண்ணில் பட்டதும் கரையில் கொடி ஏறுமாம். ஆட்களுக்கு முன்னால் தபால் பைகள் இறங்குமாம். அவர் சொன்னதில் பாதி சொந்தக் கற்பனை என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

"நாங்களும் கொடி காட்டுவம். அந்தக் கயித்தில காயிற துவாயை எடும்," என்றார்.

வெட்கமில்லாமல் இருவரும் துவாய் ஆட்டினோம். கீழே ரயிலில் போனவர்கள் கைகாட்டினார்கள். கப்பல் அசையவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாளும் அசையவில்லை. மாமி கட்டிலில் இருந்து அழத் தொடங்கியபோதுதான் என் சிரிப்பு நின்றது. நாளைத் தள்ளிவிடுவார்களோ? அவரைக் கட்டத்தான் வேண்டும், அதுவும் நாளைக்கே. மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"மாமி, காலி வீதியில ஒரு சீலை எடுப்பம். நீங்கள் தந்தால் எனக்கு அதுதான் கூறை."

மாமி என் முகத்தையே பார்த்தா. பிறகு மூக்கைத் துடைத்தா.

"சிவப்பு எண்டால் சரி," என்றா. உடனே ஓட்டோ பிடித்தோம்.

கல்யாணம் முடிந்து மாமி லண்டன் திரும்பிய பிறகுதான் பெட்டி வந்தது. குளிக்கிற சவர்க்காரம், பிஸ்கற், மறுபடியும் சவர்க்காரம். கூறையைக் காணவில்லை. மாமிக்குப் போன் எடுத்தோம். தேடிப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கதைத்தா.

"பிள்ளை, கோவியாதை. கூறை இஞ்ச அலுமாரிக்குள்ள இருக்கு. பிளேனில அனுப்பட்டே?"

நாங்கள் துவாய் ஆட்டியதெல்லாம் சவர்க்காரத்துக்கு. அவர் நிலத்தில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். நான்தான் ஒருமாதிரிப் பதில் சொன்னேன்.

"அவசரமில்லை, மாமி. கப்பலிலயே போடுங்கோ."