மிட்டன்வால்டைச் சுற்றிக்காட்டியவர்

டார்ம்ஸ்டாட்டிலிருந்து நானும் மனைவியும் மலையடிவார ஊரான மிட்டன்வால்டைப் பார்க்கப் போயிருந்தோம். ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒருவர், "தமிழோ? எனக்கு இஞ்சை ஹோட்டல் குசினியிலை சமையல் வேலை. இண்டைக்கு லீவு. வாங்கோ, ஊரைக் காட்டுறன்" என்றார்.

"சும்மா யாராவது கூட்டிட்டுப் போவாங்களா? எதையாவது நம்ம தலையில கட்டத்தான்," என்று மனைவி முணுமுணுத்தாள். எனக்கும் அதே சந்தேகம். ஒட்டிக்கொள்வாரோ என்று, அவர் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். அவர் விடாமல் தமிழிலேயே பேசினார்.

சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய வீடுகள், வண்ணக் கோபுரத் தேவாலயம், வயலின் செய்யும் பட்டறை என்று சலிக்காமல் காட்டினார். நான் பையை மார்போடு அணைத்தபடியே எல்லாவற்றையும் பார்த்தேன்.

திரும்பி ஸ்டேஷனுக்கு வந்ததும் தயங்கினார். "தம்பி, ஒரு உதவி."

மனைவி என் கையைக் கிள்ளினாள்.

"ரயில் வரும் மட்டும் என்னோடை கொஞ்சம் தமிழிலை கதையுங்கோவன். நேரிலை கேட்டுக் கனகாலம்."

நாள் முழுக்க அவர் எதிர்பார்த்தது அதை மட்டும்தான். வெட்கத்தோடு வாயைத் திறந்தேன். முதலில் வந்த வார்த்தை, "ஸாரி."