கட்டிலுக்கடியில் ஐந்து கிலோ மிளகு

கொல்லிமலையிலிருந்து வந்து நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். "பணமாக் குடுத்தா கரைஞ்சிரும் கண்ணு, வேணுங்கறப்ப வித்துக்க" என்று அப்பா செலவுக்கு ஐந்து கிலோ மிளகு கொடுத்தனுப்புவார். போன பருவத்தில், விலை ஏறட்டும் என்று அதை விற்காமல் கட்டிலுக்கடியிலேயே வைத்திருந்தேன். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் பிரித்தால், ஈரத்துணி வாளி பக்கத்தில் இருந்ததால் பையின் அடியெல்லாம் பூசணம்! அழுதுகொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"மேலாப்புல இருக்கறது நல்லாத்தான இருக்கும், அதை வித்துக் கட்டிரு சாமி. நானும் விலை ஏறட்டும்னு வெச்சிருந்து ஒரு மூட்டையவே பூசணத்துக்குக் குடுத்தவன்தான். அம்மாகிட்டச் சொல்லிராத" என்றார்.

மேலே இருந்த மூன்று கிலோ கட்டணத்துக்குப் போதுமாக இருந்தது. இப்போதெல்லாம் மிளகு வந்த அன்றே கட்டணத்துக்கானதை விற்றுவிடுகிறேன்.

அம்மா, இதைப் படித்தால் அப்பாவைத் திட்டாதே.