பம்மல் அக்கா அழுத இடம்

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்து, வழிபாட்டுத் தலங்களை மறுபடி திறக்கலாம் என்று அறிவித்த சமயத்தில் நடந்தது இது. பல்லாவரத்திலிருந்து கீழ்க்கட்டளை போகிற வழியில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் சபை. நான் குடியிருப்பது கோவிலம்பாக்கத்தில். தனியார் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சர்.

ஊரடங்கில் ஆன்லைன் கிளாஸ் எடுத்து எடுத்து மைக், கேமரா, லிங்க் எல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. சபையில் இதெல்லாம் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. அதனால் ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரலையாகப் போடும் வேலையை பாஸ்டர் என்னிடம் கொடுத்தார். காலி ஹாலில் அவர் மட்டும் நின்று பேசுவார். நான் ஸ்டாண்டில் போனை மாட்டிக்கொண்டு எதிரே நிற்பேன். "நீங்க இல்லன்னா இந்த ஒன்றரை வருஷம் சபையே இல்ல சிஸ்டர்" என்று நாலு பேர் போன் செய்து சொல்லச் சொல்ல, எனக்கும் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

திறக்கலாம் என்று வந்தபிறகும் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிட பயம். அந்த அலையில் எங்கள் சபையிலேயே சிலரைப் பறிகொடுத்திருந்தோம். அதனால் ஏரியா வாரியாக முறை வைத்தார்கள். முதல் ஞாயிறு கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கத்து ஆட்கள். அடுத்த ஞாயிறு பம்மல் பக்கம். முறை வராதவர்கள் வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்க வேண்டும். நாற்காலிகளை எட்ட எட்டப் போட்டு, இடம் மாறாமல் இருக்கத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தோம்.

அந்த முதல் ஞாயிறு காலை எல்லாரும் மாஸ்க்கோடு படியேறி வந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. சிலர் இளைத்திருந்தார்கள், சிலருக்குத் தலை நரைத்திருந்தது. கட்டிப்பிடிக்க வந்தவர்கள் பாதியில் நினைவு வந்து நின்று கும்பிட்டார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, ஹால் மைக்கிலிருந்து என் போனுக்கு வரும் ஒயர் வேலை செய்யவில்லை. நேரமாகிவிட்டதே என்று, ஊரடங்கில் பாஸ்டர் சட்டையில் குத்திவந்த காலர் மைக்கை எடுத்து போனில் செருகினேன். என் மேஜைக்குப் பக்கத்தில்தான் ஸ்பீக்கர். அதிலிருந்து வரும் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று மைக்கை மேஜைமேல் வைத்தேன். வைத்ததை மறந்தும் போனேன்.

இங்கே பம்மல் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தோல் கையுறை தைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. கணவர் பக்கவாதம் வந்து பல வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆராதனையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது அந்த அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு விம்மி விம்மி அழுவார். பாட்டு ஆரம்பித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் போலக் கை தட்டுவார். வாரா வாரம் இப்படித்தான். அது எங்களுக்குப் பழகி, பிறகு எங்களில் சிலருக்குக் கேலியாகவும் ஆகிவிட்டிருந்தது.

அன்றைக்கு அவருடைய முறை இல்லை. ஜெப நேரம் முடிந்தது. பாதி ஆட்கள்தான், அதிலும் மாஸ்க். வழக்கமான சத்தத்தில் கால்வாசிகூட இல்லை. பாஸ்டர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் தோழி. பக்கம் என்று பேர்தான், ஆறடி தள்ளி. காதில் கிசுகிசுக்க முடியாது. மாஸ்க் வேறு. அதனால் கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன்.

"இன்னிக்குத்தான் ஜெபம் ஜெபமாட்டம் இருந்துச்சு. பம்மல் அக்கா இல்லல்ல, அதான். அவங்க வந்தாலே சாவு வீடு மாதிரி ஆயிடும்."

தோழி சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு இன்னும் ஒன்று சொல்லத் தோன்றியது.

"வாரா வாரம் இப்படி அழறாங்களே, வீட்ல அவங்கள அப்படி என்னதான் பண்றாங்களோ."

சொல்லிவிட்டு போன் திரையைப் பார்த்தேன். நேரலையில் கீழே கமென்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆமென், ஸ்தோத்திரம், ஆமென். நடுவில் ஒன்று: "சிஸ்டர், நீங்க பேசறது கேக்குது." அதன் கீழே இன்னொன்று: "மைக் ஆன்ல இருக்கு." அதற்கும் கீழே யாரோ கும்பிடும் கைகளை மட்டும் போட்டிருந்தார்கள்.

பம்மல் அக்கா தன் மகளுடைய போனில்தான் பார்ப்பார். அந்த மகள் பெயரில் சற்றுமுன் ஒரு ஆமென் வந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஒன்றும் வரவில்லை.

மைக்கை ஸ்பீக்கர் மேல் தூக்கி வைத்தேன். எழுந்து போகவும் முடியாது, நேரலையை நிறுத்தவும் முடியாது. பிரசங்கம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முகத்தில் மாஸ்க் இருந்ததற்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த வீடியோவை அழித்தது. அவரிடம் போய்ப் பேச வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. சாட்சியை மறைக்கத்தான் தோன்றியது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் என் மகளும் கணவரும் அன்று வரவில்லை; வீட்டுக்கு வந்தால், அவர்களும் நேரலை பார்த்திருக்கிறார்கள். கணவர் ஒன்றுமே கேட்காமல் சாப்பாடு எடுத்து வைத்தார். என் மகள்தான், "யாரும்மா அந்த பம்மல் அக்கா? அவங்கள வீட்ல அடிப்பாங்களா?" என்று கேட்டாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மகளுடைய நம்பருக்கு வாட்ஸ்அப்பில், "அக்கா, நான் சொன்னது உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்" என்று அனுப்பினேன். 'புண்படுத்தியிருந்தால்' என்று எழுதியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அதில் என்ன சந்தேகம் இருந்தது எனக்கு? நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு பம்மல்காரர்களின் முறை. நேரலை வேலைக்காக நான் எல்லா வாரமும் போக வேண்டும். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் வந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை. பாஸ்டரின் மனைவி என் மேஜை அருகில் வந்து நின்று, மெதுவாக, "நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடும்மா. போன்லாம் சரிப்படாது" என்றார்.

அன்று மதியமே ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன். கையில் ஒரு கவரில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் போல அந்தக் கவரோடு நடக்க எனக்கே வெட்கமாக இருந்தது. விசாரித்து விசாரித்துப் போனால், ஒரு சந்துக்குள் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். நாலு வீட்டுக்கு ஒரு பாத்ரூம், ஒரு குழாய். அக்கா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க சிஸ்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"அக்கா, என்ன மன்னிச்சிருங்க. யோசிக்காம பேசிட்டேன்."

"வுடுங்க சிஸ்டர். நான் அழுவறது நெசந்தான? இல்லாததயா சொன்னீங்க?"

அதற்குள் வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல். அவருடைய மாமியார். "யாருடி அது? சர்ச்சுலருந்தா? வந்து பாக்கச் சொல்லு, உன்ன நாங்க இன்னா கொடுமை பண்றோம்னு. ஊரெல்லாம் கேட்டாச்சு, வந்து கண்ணால பாத்துட்டுப் போவட்டும்."

நான் சொன்ன இரண்டாவது வாக்கியம் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் அங்க அழுவறது வூட்ல யாருக்கும் தெரியாது சிஸ்டர். அவருக்கு சுத்தமா தெரியாது. இங்க நான் சிரிச்சிக்கினுதான் இருப்பேன். ஒரு ரூமு, எங்க போயி அழுவறது? பாத்ரூம்ல கூட வெளிய ஆளு நிக்கிது. அன்னிக்கி எல்லாரும் ஒண்ணா குந்திக்கினு போன்ல பாத்தோம். அதுலருந்து அவரு சரியா சாப்புடறதில்ல. தன்னாலதான் நான் அழுவறேன்னு நெனச்சிக்கினாரு."

உள்ளே போய் அவரையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். "மாஸ்க்க கயட்டாதீங்க, அவருக்கு ஒடம்பு தாங்காது" என்று மட்டும் சொல்லி வழி விட்டார்.

கட்டிலில் அவர் சாய்ந்து படுத்திருந்தார். சட்டை சுத்தமாகத் துவைத்துப் போட்டது, முகம் மழித்திருந்தது. ஒரு பக்கத்து உதடு இறங்கியிருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே வந்து உட்காரும் அந்த அக்கா, இத்தனையும் செய்து முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நான் பொய்யில் ஆரம்பித்தேன். "அண்ணா, நான் அன்னிக்குச் சொன்னது வந்து... இவங்கள இல்ல, வேற ஒருத்தங்கள..."

அவர் நல்ல கையைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திரட்டி, குழறிக் குழறிக் கேட்டார்.

"ரொம்ப... அழுவுதா?"

கேள்வி அவ்வளவுதான். யாரும் கேட்காதபோது அவ்வளவு பேசினவள் நான். கேட்கவேண்டியவர் கேட்டபோது வாய் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காதான் முன்னால் வந்தார். "சர்ச்சுன்னா எல்லாருந்தான் அழுவாங்க. இந்த சிஸ்டரு கூடத்தான் அழுவாங்க. இன்னா சிஸ்டர்?" என்று சிரித்துக்கொண்டே அவருடைய வாயோரத்தைத் துணியால் துடைத்தார். அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினதாகத் தெரியவில்லை. நான் அந்தக் கவரைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, மாமியாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை ஆரம்பிக்கும்முன் பாஸ்டரிடம் அனுமதி கேட்டு, அதே நேரலையில், நான் பேசியது தவறு, ஒரு குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் பேசினேன் என்று சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சில வாரம் கழித்து முறையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாரும் வரலாம் என்றானது. பம்மல் அக்காவும் வந்தார். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா சிஸ்டர்?" என்றார். அவர் வந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. ஜெப நேரம் வந்தது. ஹால் முழுக்கச் சத்தம் எழுந்தது. நான் கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு மட்டும் அசைந்தது. அழவில்லை. அதற்கடுத்த வாரமும் அழவில்லை. அதற்கடுத்த வாரமும்.

ஒருநாள் எல்லாரும் போனபிறகு படியில் அவரை நிறுத்தினேன். ஹாலின் சாவி ஒன்று என்னிடம் இருக்கும். "அக்கா, சனிக்கிழமை நான் ஒயர்லாம் சரிபாக்க வருவேன். ஹால் காலியாத்தான் இருக்கும். நீங்க வேணும்னா வந்து தனியா உக்காந்து ஜெபம் பண்ணுங்க. நான் வெளிய நிக்கறேன், யாரும் வரமாட்டாங்க" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார்.

"காலி ஹால்ல ஒண்டியா குந்திக்கினு அழுவறதா? பயமா இருக்காதா சிஸ்டர்? எல்லாரும் சத்தமா ஜெபம் பண்றப்ப, அந்த சத்தத்துல என் அழுவை யாரு காதுலயும் வுழாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதான் அங்க அழுதேன்."

இரண்டு படி இறங்கினவர் நின்று, திரும்பாமலே சொன்னார். "இப்பல்லாம் வூட்டுக்குப் போனதும் அவரு மொதல்ல என் கண்ணத்தான் பாக்குறாரு. செவந்திருக்கான்னு."

அவர் என்னை மன்னித்துவிட்டார். அந்தக் குழாயடியிலேயே மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அழுவதற்கென்று ஒரு மனுஷிக்கு இருந்த ஒரே இடத்தை ஒரு சிரிப்புக்காகப் பேசிப் பறித்துவிட்டேன் என்பது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் அடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், எனக்கு முதலில் நாக்குக் கூசுகிறது.