வளைவில் இடித்த பெடல்

இன்று காலை எங்கள் ஷூ கம்பெனி கேட் வளைவில் விழுந்தேன். சாய்ந்து திரும்பியதில் என் ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளின் பெடல் ரோட்டில் இடித்துவிட்டது.

தயாரான ஷூக்களில் குறை பார்த்துக் கழிக்கும் செக்கிங் பிரிவு அக்கா ஓடி வந்தார். "வளையும்போது பெடல் பண்றத நிறுத்த வேண்டியதுதானப்பா?"

இதே கேள்வியை ஆம்பூரில் எல்லோரும் கேட்டாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன்.

"இதுல நிறுத்த முடியாதுக்கா. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். முன்னாடியே ஸ்பீடு கம்மி பண்ணி, சைக்கிள நேரா வெச்சு, உடம்ப மட்டும் சாய்க்கணும்."

"அப்புறம் இன்னாத்துக்கு சைக்கிள சாய்ச்ச?"

பேன்ட்டை மேலே சுருட்டினேன். முட்டியில் ரத்தம்.

அக்கா குனிந்து என் காலைத் தூக்கினார். ஷூவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சோல் பிரியல, ஒட்டு நல்லா புடிச்சிருக்கு. மேல் தோல்லதான் கீறல். ரிஜெக்ட்."

உங்கள் கம்பெனியிலாவது முதலில் முட்டியைப் பார்ப்பார்களா?